பதிமூன்று வருடத்துப் பசை

மாமனாரின் ஆம்னி வேனை வாங்க நிலக்கோட்டையிலிருந்து ஒரு பூ வியாபாரி வந்திருந்தார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டார், டயரைக் குனிந்து பார்த்தார், விலையில் பெரிதாக இழுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இந்த எழுத்தை மட்டும் சுத்தமா எடுத்துக் குடுத்துருங்க. பூ வண்டியில சமையல் நம்பர் இருந்தா முகூர்த்த நாள்ல எனக்கும் சிரமம், அவருக்கும் சிரமம்."

நியாயமான பேச்சு. மாமா கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்தவர். மூட்டு வலி வந்து தொழிலை விட்ட பிறகு, 2009 மாடல் வெள்ளை வேன் வத்தலக்குண்டு வீட்டு வாசலில் வெயிலிலேயே நின்றது. இரண்டு பக்கக் கதவிலும் பின் கதவிலும் சிவப்பு ரேடியம் எழுத்து. 'கல்யாண சமையல்' என்று பெரிதாக, அதன் கீழே ஊர், அதன் கீழே போன் நம்பர். ஒட்டியது 2011-ல். நான் எடுக்கப் போனது 2024 மே முதல் வாரம், அக்னி நட்சத்திரம் தொடங்கும் நேரம். ஒரு மதியத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்தில் முதல் நாள் முழுக்க நான் செய்தது தப்பு. மற்றவர்கள் அந்த முதல் நாளைத் தாண்டிப் போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தப்பு பிளேடு. கார் கண்ணாடியில் கருப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, எங்கள் தெருவில் நான்கு வண்டிகளுக்கு நான்தான் ஃபிலிம் உரித்துக் கொடுத்தேன். சோப்புத் தண்ணீர், ஷேவிங் பிளேடு, அவ்வளவுதான். பசை சுருள் சுருளாக வந்துவிடும். அந்தக் கைப்பழக்கத்திலேயே வேனின் கதவிலும் பிளேடை வைத்தேன். கண்ணாடி தாங்கும், பெயிண்ட் தாங்காது. கம்பெனியிலிருந்து வரும் காரில் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், அதற்கு மேல் தெளிவான கிளியர் கோட் எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 130 மைக்ரான் வரைதான் இருக்கும். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் ஒரு ஏ4 தாளின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாளைக் கிழிக்காமல், அதன் மேல் ஒட்டியிருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். 'ச' எழுத்தின் வளைவில் பிளேடின் முனை இறங்கி, விரல் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்தது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்பட்டது. நகம் தட்டுகிற கீறல் பாலிஷில் போகாது. அது இன்றும் அந்தக் கதவில் இருக்கிறது.

இரண்டாவது தப்பு தின்னர். ஹார்டுவேர் கடையில் "பசை போகணும்" என்று கேட்டால் பெரும்பாலும் கையில் தருவது அதைத்தான். துணியில் நனைத்துப் பின் கதவில் தேய்த்தேன். பசை இளகியது, சந்தோஷமாக இருந்தது. அப்புறம் துணியைப் பார்த்தால் பசை மட்டுமில்லை, பால் போல வெள்ளையும் ஒட்டியிருந்தது. கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் சுருங்கி, வெந்நீர் பட்ட தோல் போல ஆகிவிட்டது. அந்தப் பின் கதவு எப்போதோ இடி வாங்கி, டிங்கரிங் பார்த்து, பட்டறையில் பெயிண்ட் அடித்தது என்று மாமா அதன் பிறகுதான் சொன்னார். கம்பெனி பெயிண்ட் சூட்டடுப்பில் சுட்டெடுத்தது, ஓரளவு தாங்கும். பட்டறையில் அடிக்கும் சாதாரண என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) பெயிண்ட் எத்தனை வருடம் ஆனாலும் தின்னர் பட்டால் கரையும், ஏனென்றால் அதைக் கலக்குவதே தின்னரில்தான். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனும் இதே கதைதான்.

மறுநாள் காலை, பெரியகுளம் ரோட்டில் இருக்கும் பட்டறைக்கு வண்டியை ஓட்டிப்போய்ப் பெயிண்டர் அண்ணனிடம் காட்டினேன். அவர் சுருங்கிய இடத்தை ரொம்ப நேரம் பார்க்கவில்லை. எழுத்தின் மேல் கட்டை விரலை அழுத்தி எடுத்தார்.

"ஒட்டுதா தம்பி?"

"இல்லண்ணே."

"அப்போ இது காஞ்ச பசை. விரல்ல ஒட்டுச்சுன்னா எண்ணெய்க்கே வந்துரும். ஒட்டலைன்னா முதல்ல சூடு, அப்புறம் ஊறல். சுரண்டுறதுங்கிற பேச்சே கிடையாது. பசையே எறங்கி வரணும்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. பசையை நாம் இழுக்கக் கூடாது. அது பிடியை விடும்வரை காத்திருந்து துடைக்க வேண்டும். ஏன் காய்கிறது என்பதையும் தெரிந்துகொண்டால் பொறுமை தானாக வரும். ஸ்டிக்கர் வளைந்து கொடுப்பதற்காக அதன் பிளாஸ்டிக்கில் ஓர் எண்ணெய்த் தன்மையான பொருள் கலந்திருப்பார்கள். வெயில் சூட்டில் வருடக்கணக்கில் அது வெளியேறிவிடும். ஸ்டிக்கர் முட்டை ஓடு மாதிரி நொறுங்கும். அடியில் இருக்கும் பசையும் சூட்டிலும் புற ஊதாக் கதிரிலும் இறுகி, பெயிண்டின் நுண்துளைகளில் பல்லைப் பதித்துவிடும். புதிதாக ஒட்டியது ஒரே இழுப்பில் வரும். பதிமூன்று வருடத்துப் பசைக்கு அந்த வழி இல்லை.

சாயங்காலம் வீட்டில் மாமா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ளே, பலாப்பழம் அறுக்கும்போது என்ன பண்ணுவோம்? கையிலயும் கத்தியிலயும் தேங்காய் எண்ணெய் தடவிக்கிறோம்ல. பால் ஒட்டிக்கிட்டாலும் எண்ணெயைப் போட்டுத்தானே தேய்க்கிறோம், தண்ணியிலயா கழுவுறோம்? இதுவும் அந்த ஜாதி பிசின்தானே" என்றார். ஆயிரம் பந்திக்குச் சமைத்தவருக்கு எது எதில் கரையும் என்று கை அறியும். பின் கதவில் ஒரு கேஸ் ஏஜென்சியின் காகித ஸ்டிக்கர் பாதி கிழிந்த நிலையில் இருந்தது. அதில் முதலில் கொஞ்சம் தண்ணீர் தொட்டுக் காகிதத்தை மட்டும் உருட்டி எடுத்துவிட்டு, மிச்சப் பசையில் தேங்காய் எண்ணெயைத் தடவி அரை மணி நேரம் விட்டேன். துணியால் துடைத்ததும் வந்துவிட்டது. விரலில் ஒட்டுகிற பசைக்கு வீட்டு எண்ணெயே போதும், கடைக்கே போக வேண்டாம். ஆனால் ரேடியம் எழுத்துக்கு எண்ணெய் பாதிதான் வேலை செய்தது. மேலே கொஞ்சம் வழவழப்பானது, அடி அசையவில்லை.

சரி, சூட்டுக்கு வருகிறேன். வீட்டில் தலை காயவைக்கும் டிரையர் போதும். பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் ஹீட் கன் முந்நூறு டிகிரிக்கு மேலேயே ஊதும். கை பழகாதவர்கள் அதைத் தொட வேண்டாம், பெயிண்ட் கொப்பளித்துவிடும். முதலில் வண்டியை ஷாம்பு போட்டு நன்றாகக் கழுவினேன். வாசல் மண் ஒரு துளி இருந்தாலும் துணியோடு சேர்ந்து உப்புத்தாள் வேலை செய்யும். டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே ஓர் எழுத்தை மட்டும் சூடாக்கினேன். கை வைத்தால் இரண்டு மூன்று வினாடி தாங்கும் சூடு, அதுதான் அளவு. அந்தச் சூட்டில் நகத்தால் ஓரத்தைத் தூக்கி, மேல் நோக்கி இழுக்காமல், ஸ்டிக்கரைத் தன் மேலேயே மடித்து, கதவோடு படுத்தாற்போல மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் எழுத்து உடைந்துவிடும். 'ல' முழுசாக வந்தது. 'ண' மூன்று சுழியும் மூன்று துண்டு. போன் நம்பர் இலக்கங்கள் மெல்லியவை, நொறுங்கித்தான் வந்தன. உடைகிற இடங்களில் பழைய ஏ.டி.எம். கார்டின் விளிம்பால் தள்ளினேன். கார்டின் விளிம்பு மழுங்கினால் கத்தரியால் நறுக்கி நேராக்கிக்கொள்ளலாம். வெயிலில் நிறுத்தினாலே எழுத்து பாதி இளகியிருக்கும், அதனால் உரிக்கும் வேலையைக் காலை பத்து மணிக்கு மேல் வைத்துக்கொண்டேன்.

பசையை ஊறவைக்கும் வேலை அதற்கு நேர் எதிர். கதவு சுடச்சுட இருந்தால் ஊற்றும் திரவம் ஊறுவதற்குள் ஆவியாகிவிடும். அதனால் அதைச் சாயங்காலம் ஐந்துக்கு மேல், கதவைத் தொட்டால் குளிர்ந்திருக்கும் நேரத்தில் செய்தேன். இன்னொரு காரணமும் உண்டு, அது இன்னும் முக்கியம். டிரையரும் கரைப்பான் திரவமும் ஒரே நேரத்தில் வெளியே இருக்கவே கூடாது. உள்ளே சிவந்து எரியும் கம்பிச் சுருளை வைத்துக்கொண்டு எளிதில் தீப்பிடிக்கும் ஆவிக்குப் பக்கத்தில் நிற்பது என்பது உயிரோடு விளையாடுவது. டிரையரை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்த பிறகே பாட்டிலைத் திறந்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி, "பெட்ரோல் ஊத்துங்கண்ணே, நொடியில வரும்" என்றான். பசை வரும்தான். ஆனால் பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போய் எங்கோ ஒரு பீடிக் கங்கில் பிடிக்கும். வண்டி துடைக்கப் பெட்ரோலை நான் வீட்டு வாசலில் திறக்கவே மாட்டேன்.

பெயிண்டர் அண்ணன் சொன்னது பெயிண்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைன். மண்ணெண்ணெயும் இதே வேலையைச் செய்யும், இப்போது அது கிடைப்பதுதான் கஷ்டம். முதலில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம், கதவைத் திறந்தால் தெரியும் விளிம்பு, இப்படி மறைவான இடத்தில் தொட்டுப் பார்த்தேன். இரண்டு நிமிடம் வைத்துத் துடைத்தபோது துணியில் நிறமும் இல்லை, தொட்ட இடம் இளகவும் இல்லை. அதன் பிறகே கதவுக்குப் போனேன். பனியன் வேஸ்ட் துணியை நனைத்து, எழுத்து இருந்த இடத்தில் பரப்பி, மேலே ஒரு பாலிதீன் தாளைப் போட்டு ஒட்டவைத்தேன். காய்ச்சல்காரர் நெற்றியில் ஈரத்துணி போடுகிற மாதிரிதான். பாலிதீன் போடுவது திரவம் பறந்துவிடாமல் இருக்க. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்.

பத்தாவது நிமிடம் பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது. மஞ்சள் பாய்ந்து கண்ணாடி போல இறுகியிருந்த பசை, ஊறிய ஜவ்வரிசி மாதிரி வெளுத்து, உப்பி, கதவை விட்டுக் கொஞ்சம் எழும்பி நின்றது. அதுதான் அடையாளம். அந்த நிலை வரும்முன் தேய்த்தால் பசை பரவுமே தவிர வராது. வந்த பிறகு ஏ.டி.எம். கார்டைப் படுக்கவைத்துத் தள்ளினால், பாலாடை ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கியது. ஒதுங்கியதை உடனே வேறொரு துணியில் எடுத்துவிட வேண்டும். அதே துணியைத் திருப்பித் திருப்பித் தேய்த்தால், இங்கே எடுத்த பசையை அங்கே பூசுகிறோம் என்று அர்த்தம். சில எழுத்துகளுக்கு ஒரு தடவை போதுமாக இருந்தது. வெயில் நேராக அடித்த வலதுபக்கக் கதவுக்கு நான்கு தடவை ஊற வைத்தேன்.

பனியன் வேஸ்ட் எடுக்கும்போது தையல் வராத துண்டாகப் பார்த்து எடுங்கள். கழுத்துப் பட்டைத் தையல் நூல் முறுக்கேறி இருக்கும், அதுவே பெயிண்டில் வட்ட வட்டமாகக் கோடு போடும். பாத்திரம் தேய்க்கும் நாரைப் பற்றிப் பேசவே வேண்டாம், மென்மையாகத் தெரியும் பச்சை நார்கூட வேண்டாம். வேலை முடிந்ததும் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல், கொடியில் விரித்துக் காயவைத்து அப்புறம்தான் அப்புறப்படுத்தினேன். கையுறை போட்டுக்கொண்டேன், குழந்தைகளை வாசலுக்கு விடவில்லை.

டர்பன்டைன் தீர்ந்துபோன ஒரு சாயங்காலம் அத்தை அலமாரியிலிருந்து நீலகிரித் தைலத்தை எடுத்துக் கொடுத்தார்கள். நான் நம்பாமல்தான் தொட்டேன். ஆனால் அது உண்மையிலேயே நல்ல பசைக் கரைப்பான். தைலத்தின் அந்த நெடிக்குக் காரணமான சினியோல் என்னும் பொருள் பிசின்களை நன்றாக இளக்கும். விலை காரணமாகக் கதவு முழுவதற்கும் கட்டுப்படியாகாது. அங்கங்கே விட்டுப்போன புள்ளிகளுக்கு, பஞ்சில் நான்கு சொட்டு, அருமையாக வேலை செய்தது. ஆனால் அதையும் மறைவான இடத்தில் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். இயற்கைப் பொருள் என்பதால் பெயிண்டைச் சும்மா விட்டுவிடும் என்று கணக்கில்லை.

எழுத்தைவிட எனக்கு அதிக நேரம் பிடித்தது, கதவின் நடுவில் நீளமாக ஓடிய பீடிங் என்னும் பிளாஸ்டிக் பட்டை. அது இரட்டைப் பக்க ஃபோம் டேப்பில் ஒட்டியது. இழுத்தால் பட்டை வருகிறது, ஃபோம் பாதி கதவிலேயே தங்கிவிடுகிறது. பெயிண்டர் அண்ணனின் பையன் வழி சொன்னான். தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, பட்டைக்கும் கதவுக்கும் நடுவில் விட்டு ரம்பம் இழுப்பது போல இழுத்தால், ஃபோம் குறுக்காக அறுபட்டுப் பட்டை கழன்றுவிடும். கதவில் மிஞ்சும் ஃபோமைச் சூடாக்கிக் கட்டை விரலால் உருட்டினால், பென்சில் ரப்பர் தூள் மாதிரி திரண்டு வரும். விரல் வலிக்கும், ஆனால் விரலைப் போல நிதானமான கருவி இல்லை. டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரம் ஒன்று இருக்கிறது. பட்டறையில் அதைத்தான் மாட்டுகிறார்கள், நிமிடத்தில் உரிக்கும். கம்பெனி பெயிண்டுக்கு, குறைந்த வேகத்தில், அழுத்தாமல், நகர்த்திக்கொண்டே என்றால் சரி. ரீ-பெயிண்ட் ஆன கதவில் அதன் உராய்வுச் சூடே பெயிண்டை எடுத்துவிடும்.

பசை எல்லாம் போய், ஷாம்பு போட்டு இரண்டு முறை கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்த பிறகு, வண்டியைச் சாய்வாகப் பார்த்தேன். எழுத்து அப்படியே இருந்தது. பசை இல்லை, ஸ்டிக்கர் இல்லை, ஆனாலும் 'கல்யாண சமையல்' பளிச்சென்று படிக்க வந்தது. இந்த இடத்தில்தான் பலரும் இன்னும் பசை இருக்கிறது என்று நினைத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்துப் பெயிண்டைக் கெடுக்கிறார்கள். நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். பிசுபிசுப்போ படியோ இல்லையென்றால் பசை முடிந்துவிட்டது. தெரிவது நிழல். எழுத்துக்கு அடியில் இருந்த பெயிண்ட் வெயிலே படாமல் 2011-ல் இருந்தபடி இருக்கிறது. சுற்றியிருப்பது பதிமூன்று வருடம் வெளுத்து, சுண்ணாம்பு பூத்து மங்கியிருக்கிறது. ஆகவே எழுத்தைத் தேய்த்துப் பயனில்லை, எழுத்தைச் சுற்றித்தான் தேய்க்க வேண்டும்.

கொஞ்சம் பாலிஷைத் துணியில் தொட்டுத் தேய்த்ததும் துணி வெள்ளையானது. வண்டியின் நிறமே துணியில் வருகிறது என்றால் மேலே கிளியர் கோட் இல்லை, நிறப்பூச்சு ஒற்றை அடுக்கு என்று அர்த்தம். அந்த வகைக்கு ஒரு நன்மை, மங்கிய மேல்தோலைப் பாலிஷ் எடுத்துவிட்டால் அடியில் நல்ல நிறம் இருக்கும். ஓர் எச்சரிக்கையும் உண்டு, எடுப்பது எல்லாம் நிறமே. ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும், அங்கே அழுத்தினால் பிரைமர் தெரிந்துவிடும். கரகரப்பான ரப்பிங் காம்பவுண்டை விட்டுவிட்டு, நயமான பாலிஷை மட்டும் எடுத்து, கையாலேயே ஒரு கதவுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தேன். முக்கால் பங்கு மறைந்தது. எதிரே நின்று பார்த்தால் தெரியாது. மாலை வெயில் சாய்வாக அடிக்கும்போது தேடினால் தெரியும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் பெயிண்டைத்தான் விலையாகக் கொடுக்க வேண்டும், அதனால் நிறுத்திக்கொண்டேன். பின் கதவில் தின்னர் சுருக்கிய இடத்தைப் பெயிண்டர் அண்ணன் தேய்த்து, பட்டி பார்த்து, மறுபடி அடித்துக் கொடுத்தார்.

இதே வாரம் சென்னையிலிருந்து நண்பன் போன் செய்தான். தனியார் வாகனங்களில் 'பிரஸ்', 'போலீஸ்' என்றெல்லாம் ஒட்டியிருந்தால் மே 2 முதல் அபராதம் என்று போக்குவரத்துக் காவல்துறை அறிவித்திருந்தது. அவன் வாங்கிய பழைய காரின் பம்பரில் முந்தைய உரிமையாளர் ஒட்டிய 'பிரஸ்' இருந்தது. பம்பர் பிளாஸ்டிக், அதனால் சூட்டைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். இரும்புக் கதவு சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் ஒரே இடத்தில் தேக்கிக்கொண்டு நெளிந்துவிடும். தின்னரைத் தொடவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டதாகப் படம் அனுப்பினான். அது இரண்டு வருடத்து ஸ்டிக்கர்தான்.

கல்யாணக் காரில் பூ ஜோடிக்க ஒட்டும் செல்லோ டேப்பும் பிரவுன் டேப்பும் இதே வகையறா. மண்டபத்திலிருந்து வீடு திரும்பிய அன்று இரவே எடுத்தால் கையோடு வரும். மூன்று நாள் வெயிலில் நின்ற பிறகு எடுத்தால் டேப் வந்துவிடும், பசை கோடு கோடாக நின்றுவிடும். புதுப் பசைதான், தேங்காய் எண்ணெயே போதும்.

பூ வியாபாரி வந்தபோது, தன் கடைப் பெயரை ரேடியம் கடையில் வெட்டி, கையோடு கொண்டுவந்திருந்தார். நல்ல வேளையாக முன்பே போனில் சொல்லியிருந்தார், அதனால் அந்த இடத்தில் மட்டும் வாக்ஸ் போடாமல் விட்டிருந்தேன். வாக்ஸோ எண்ணெயோ இருந்தால் எழுத்து பிடிக்காது. சோப்புத் தண்ணீரைத் தெளித்து, எழுத்தை மிதக்கவிட்டு நேராக்கி, துணி சுற்றிய கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளினோம். ஐந்து வருடத்துக்குள் ஒரு தடவை உரித்துவிட்டு வேறு ஒட்டிவிடுங்கள் என்று சொன்னேன். அவர் தலையாட்டியதோடு விடவில்லை. பெயிண்ட் மார்க்கர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, ஓட்டுநர் கதவைத் திறந்து உள்விளிம்பில் எழுதினார்: 19.5.2024.